காதர் நானாவின் நெஞ்சும் கடைசிப் பத்தியும்

செய்தி எழுதுகிறவன் சொல்ல வேண்டியதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. ஆகவே சொல்லிவிடுகிறேன்: நெஞ்சு தாளம் தப்பித் துடிப்பதாகத் தோன்றினால், வாயு, சூடு என்று காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். இனி மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

எண்பதுகளில் நான் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம், தோட்டத்து லயத்து வீட்டில் புகுந்த மலைப்பாம்பு, வாய்க்காலில் இறங்கிய லோரி, எல்லாம் என் கணக்கில். எழுதியதை உறையில் போட்டுக் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் கோலாலம்பூரில் அலுவலக ஆள் வாங்கிக்கொள்வார். மறுநாள் அது அச்சில் வரும். பத்திரிகைக்கு ஏதாவது எழுதியனுப்பி, அச்சில் வந்ததைப் பார்த்து, "இது நான் எழுதியதுதானா?" என்று விழித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

ஒரே ஒரு வாசகர்

பஸ் நிலையத்துக்கு எதிரே காதர் நானாவின் சாப்பாட்டுக் கடை. நாகூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். ஐம்பத்தாறு வயதிலும் அரிசி மூட்டையைத் தானே தோளில் ஏற்றிக்கொள்வார். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும், பேசிக்கொண்டே இருப்பவர் பாதியில் நிறுத்தி, மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்வார். கண்ணை இரண்டு தரம் சிமிட்டுவார். பிறகு "கேஸ் தம்பி, கேஸ்" என்று வாயுவின் மேல் பழியைப் போட்டுவிட்டு இஞ்சித் தண்ணீர் குடிப்பார்.

அவர் மகள் ஜமீலா கோலாலம்பூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இதயத் தசையின் செல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். டாக்டர் பட்டம் உண்டு, ஊசி போடத் தெரியாது. ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்தவர், வாப்பா மேசையைப் பிடித்ததைப் பார்த்துவிட்டார். இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்றார். "மூட்டை தூக்குற நெஞ்சுக்கு என்னம்மா கேடு?" என்றார் நானா. அடுத்த சனிக்கிழமையும் அதே கேள்வி, அதே பதில்.

அந்தச் சமயம் பார்த்து, வாரம் ஒரு அறிவியல் துணுக்கு எழுதும்படி ஆசிரியர் என்னைக் கேட்டிருந்தார். கடையில் நான் வழக்கமாக உட்காரும் மூலை மேசைக்கு ஜமீலா வந்து, இதயத்தைப் பற்றி எழுதுங்கள், விஷயத்தை நான் சொல்கிறேன் என்றார். எந்த வாசகருக்காக என்று கேட்டேன். அவர் கடையின் முன்பக்கம் பார்த்தார். அங்கே காதர் நானா கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி, எங்கள் பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து மரண அறிவிப்பு வரை நின்றபடியே படித்துக்கொண்டிருந்தார். மழை வரும் என்று பத்திரிகையில் போட்டால், மொட்டை வெயிலில் குடையோடு போகிற மனிதர் அவர்.

"நான் சொன்னா அது வீட்டுப் பேச்சுண்ணே. அதையே நீங்க எழுதினா சேதி."

சந்தையில் வாங்கிய நெஞ்சு

ஜமீலாவின் ஆராய்ச்சிக்கு மாட்டு இதயம் தேவைப்படும். அன்றன்றைக்கு அறுத்ததாக இருக்க வேண்டும். அதை வாங்கித் தருகிற பொறுப்பு நானாவுடையது. விடிந்ததும் சந்தைக்குப் போய், கறிக்கடைக்காரரிடம் பேரம் பேசி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துத் தாமே மகளின் காரில் ஏற்றுவார். ஒரு நாள் நானும் அங்கே இருந்தேன். பெட்டியை மூடியவர், அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஊர்ல பொம்பளைப் புள்ளைங்க நெஞ்சுக் கறி ஆக்கும். எம் பொண்ணு அதை அரைச்சுக் கரைச்சுக் குழாய்ல ஊத்தி உத்து உத்துப் பாக்குது. நல்ல வேளை தம்பி, என் நெஞ்சு எனக்குள்ளயே இருக்கு."

நங்கூரம்

ஜமீலா எனக்குப் பாடம் நடத்தியது கடையின் மூலை மேசையில், தேநீர்த் தட்டுகளை வைத்து. இதயத் தசையின் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அந்தச் சவ்வில் சின்னஞ்சிறு வாசல்கள். அவற்றின் வழியே உப்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் முறை வைத்து உள்ளே போய் வெளியே வருவதால்தான் நெஞ்சு துடிக்கிறது. வாசல் இருந்தால் மட்டும் போதாது, இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். அது நகர்ந்துவிடாதபடி, சவ்வுக்கு அடியில் விரிந்திருக்கும் வலையோடு அதைப் பிடித்துக் கட்டுகிற வேலைக்கு ஓர் இணைப்புப் புரதம் இருக்கிறது. முதலில் சிவப்பணுவில் கண்டுபிடித்து, நங்கூரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு அங்கிரின் என்று பெயர் வைத்தார்கள். இதயத்திலும் அது உண்டு. அது பிடியை விட்டால் தசை எவ்வளவு பலமாக இருந்தாலும் தாளம் தப்பலாம் என்பது ஜமீலாவின் ஊகம். அன்றைக்கு ஊகம்தான். பின்னாளில் உண்மையாயிற்று.

பெயரிலேயே நங்கூரம் இருக்கிறதே என்று முதல் துணுக்கை அப்படியே எழுதினேன். "நெஞ்சுக்குள் ஒரு நங்கூரம்" என்று தலைப்பு. பத்திரிகை வந்த அன்று, சுங்கை செம்பிலாங்கிலிருந்து மீன் ஏற்றிவரும் லோரி ஓட்டுநர் செல்வம், கடைக்குள் நுழையும்போதே அதை மடித்துக் கையில் வைத்திருந்தார். படகுகளோடு பிறந்து வளர்ந்த ஆள். அவர் கேட்ட கேள்விக்கு எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் காதர் நானா.

"நங்கூரம் போட்டா படகு நிக்கும் சார், அதானே அதோட வேலை? நெஞ்சுல நங்கூரம் போட்டா அப்புறம் அது எப்படி லா ஓடும்?"

மண்டோர்

கடல்காரர்களிடம் பட்டது போதும் என்று அடுத்த வாரம் தோட்டத்துக்குப் போனேன். விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ரப்பர்ப் பால்மரத் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்னாருக்கு இந்த மர நிரை என்று மேற்பார்வை மண்டோர் பிரித்து அனுப்புகிறார் அல்லவா, அந்த மண்டோர்தான் இந்தப் புரதம் என்று எழுதினேன். ஆள் மாறி நிரையில் நின்றால் அன்றைய பால் கெட்டது. எனக்கே பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே பாலுக்கு மரம் வெட்டும் அஞ்சலை. இரண்டு இலை தள்ளி அவருடைய மண்டோரும் இருந்தார். அவர் துணுக்கைப் படித்துவிட்டு நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததாக எனக்குப் பட்டது. அஞ்சலை ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, மண்டோருக்கும் கேட்கிற குரலில் ஒரு சந்தேகம் கேட்டார். பந்தியே சிரித்தது.

அந்தச் சந்தேகத்தை ஜமீலாவிடம் விளையாட்டாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, மேசையைத் தட்டினார். அந்தப் புரதமும் தானாக நிற்பதில்லை, அடியில் இருக்கும் வலைதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது, அந்த அம்மா என் ஆய்வுக்கூடத்துக்கு வரட்டும், நாளைக்கே வேலை தருகிறேன் என்றார். அஞ்சலை கேட்டது இதுதான்:

"எங்களை நிரையில நிப்பாட்டுறது மண்டோரு, சரி. எட்டு மணிக்கு மேல சாராயக் கடைப் பக்கம் நழுவுற மண்டோரை நிப்பாட்டுறது யாருங்க?"

கத்தரிக்கோல்

இன்னொன்றும் சேர்த்து மூன்று துணுக்குகள் வந்துவிட்டன. காதர் நானா மூன்றையும் படித்தார், மூன்றுக்கும் சிரித்தார், ஏழெட்டு முறை மேசையைப் பிடித்தார். மருத்துவமனைப் பேச்சே எடுக்கவில்லை. சனிக்கிழமை ஜமீலா நேரடியாகவே கேட்டார்: "கடைசியில போட்டிருந்ததைப் படிச்சீங்களா வாப்பா?" நானா அடுக்கிலிருந்து மூன்று பத்திரிகைகளையும் எடுத்துப் பரப்பினார். "எழுத்து விடாமப் படிச்சேன் புள்ள. கடைசியில சினிமா விளம்பரந்தான் இருக்கு."

ஜமீலா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். விஷயம் இதுதான். "தசை பலமாக இருப்பவர்களுக்கும் நெஞ்சு தாளம் தப்பலாம், அப்படித் தப்பினால் உடனே பரிசோதனை செய்துகொள்ளுங்கள்" என்று ஒவ்வொரு துணுக்கையும் முடித்திருந்தேன். பத்தியில் இடம் பற்றாவிட்டால் கீழிருந்து வெட்டுவது நாளிதழ் வழக்கம். மூன்று வாரமும் இடம் பற்றவில்லை. மூன்று வாரமும் கடைசிப் பத்தி போய்விட்டது. என் எழுத்தின் வாலை வெட்டுவது எனக்குப் பழகிப்போன ஒன்று. அச்சில் வந்ததைப் பார்த்தேன், "வழக்கம்போல" என்று மடித்து வைத்துவிட்டேன். உங்களில் எழுதுகிறவர்களுக்கு இது புரியும். வாப்பாவுக்காகத் தவிக்கும் மகளுக்குப் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

சட்டைப் பையில் இருந்த கார்பன் நகலை எடுத்து நானாவிடம் நீட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, "இது அச்சுல வரலியே தம்பி" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பொதுத் தொலைபேசியில் காசு போட்டு, பத்திரிகை அலுவலகத்தில் செய்திகளை வெட்டி ஒட்டிப் பக்கம் கட்டும் கோபாலைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். இருபது வருடம் பக்கம் கட்டியவர். நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"சொல்ல வேண்டியதைத் தலையில வைக்கணும்னு உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானே? வாலுல வச்சா அது வாசகருக்கில்ல, என் கத்தரிக்கோலுக்கு."

இடம் மாறிய யூசுப்பும் யாகூப்பும்

காதர் நானாவின் கடையில் இரண்டு மேற்பார்வையாளர்கள், யூசுப், யாகூப். ஒரு வயது வித்தியாசமுள்ள அண்ணன் தம்பி. ஒரே முகம், ஒரே குரல், ஒரே மாதிரிக் கட்டம் போட்ட கைலி. அண்ணன் யூசுப் முன்பக்கம் நிற்பார். தே தாரேக் என்னும் தேநீர் ஆற்றுகிற சித்திக்கும் ரொட்டி வீசுகிறவரும் அவர் பிடியில். தம்பி யாகூப் பின்கட்டில் நிற்பார். அடுப்படி ஆட்கள் அவர் பிடியில். வாடிக்கையாளர்களுக்கு யார் எவர் என்று தெரியாது.

கோபாலோடு நான் சண்டை போட்ட மறுவாரம், சமையல்காரருக்கும் யாகூப்புக்கும் ஏதோ மனத்தாங்கல். நானா யோசிக்கவே இல்லை. "ரெண்டு பேரும் ஒரே அச்சு. இடத்தை மாத்திக்குங்க, போங்க" என்று முடித்துவிட்டார். அன்று மதியம் நான் மூலை மேசையில் உட்கார்ந்து, நான்காவது துணுக்குக்கு என்ன உவமை சொல்வது என்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணெதிரே கடை கழன்றது.

யூசுப் எப்போதும் குரல் கொடுத்துவிட்டுக் கடைசியில் ஆளின் பெயரைச் சேர்ப்பார்: "தே தாரேக் ரெண்டு, சித்திக்!" யாகூப் பெயரே சொல்ல மாட்டார். பண்டத்தைச் சொல்லிவிட்டு அண்டா விளிம்பில் கரண்டியால் ஒரு தட்டு, அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் இதை யாரும் கவனித்ததில்லை, நானாவும் சேர்த்து. முன்பக்கம் வந்த யாகூப், "தே ரெண்டு!" என்று கத்திவிட்டுத் தட்ட அண்டா இல்லாமல் நின்றார். தன் பெயர் வரவில்லை, ஆகவே தனக்கில்லை என்று சித்திக் சும்மா நின்றார். ரொட்டிக்காரர் என்ன ஏது என்று கேட்கப் பின்கட்டுக்குப் போனார். அங்கே யூசுப், தன்னைவிட இருபது வயது மூத்த சமையல்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட, அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நியாயம் கேட்க முன்பக்கம் வந்துவிட்டார். அடுப்பில் மீன் தலைக் கறி பொங்கியது. ஒரு மேசைக்கு நான்கு தேநீர், இன்னொரு மேசைக்கு வெறும் இலை. ஆள் எல்லாரும் கடைக்குள்தான் இருந்தார்கள். ஒருவர்கூட நிற்க வேண்டிய இடத்தில் இல்லை.

பல வருடம் கழித்து ஜமீலா சொன்னதை இங்கே சேர்க்கிறேன். இதயத்தின் ஒரே செல்லுக்குள் இந்தப் புரதங்களில் அண்ணன் தம்பிபோல இரண்டு இருக்கின்றன. ஒன்று, செல்லும் செல்லும் சேரும் இடத்தில் உப்பு வாசல்களை நிறுத்துகிறது. மற்றது, சவ்வு உள்வாங்கிய குழிகளில் சுண்ணாம்புச் சத்தை வெளியேற்றும் வாசல்களை நிறுத்துகிறது. தலைப்பக்கம் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. ஏன் என்று தேடிப் போனவர்களுக்கு வால்பக்கத்தில் வித்தியாசம் கிடைத்தது. வால் மடங்கி வந்து தன் தலையையே தொட்டு, எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று கட்டுப்படுத்துகிறதாம். வாலை அலட்சியமாக வெட்டுகிறவர்கள் கவனிக்க.

அன்று மதியத்துக்கு வருகிறேன். இலைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த காதர் நானா, மேசை விளிம்பைப் பிடித்தார். இந்தத் தடவை கண்ணைச் சிமிட்டிய பிறகும் கையை எடுக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். "கேஸ்" என்று சொல்லவில்லை. கடையைச் சுற்றி ஒரு முறை பார்த்தார்.

"யாரும் லீவு போடல. யாருக்கும் சீக்கில்ல. எல்லாருக்கும் பலம் இருக்கு. அப்புறம் ஏன் தம்பி கடை இப்படித் துடிக்குது?"

அச்சில் வந்த நெஞ்சு

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே துணுக்கை அனுப்பினேன். முதல் வரி: "மூட்டை தூக்குகிற நெஞ்சும் தாளம் தப்பலாம், தப்பினால் உடனே இ.சி.ஜி. எடுங்கள்." அதற்குப் பிறகுதான் பெயர் சொல்லாத ஒரு கடையும், இடம் மாறிய அண்ணன் தம்பியும். கீழே எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும் என்று நான்கு வரி வெறும் பேச்சையும் சேர்த்து வைத்தேன். கோபாலின் கத்தரிக்கோல் சரியாக அந்த நான்கு வரியைச் சாப்பிட்டது.

காதர் நானா நின்றபடியே படித்தார். ஒரு முறை படித்துவிட்டு மறுபடியும் முதல் வரிக்குப் போனார். கண்ணாடியைக் கழற்றினார். "என் கடையை இப்படிச் சந்தி சிரிக்க வச்சிட்டியே தம்பி" என்றார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். ஆனால் உள்ளே போய் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். யூசுப்பை முன்பக்கமும் யாகூப்பைப் பின்கட்டிலும் பழையபடி நிறுத்தினார். பத்திரிகையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை ஆகையால் ஊரில் இருந்த ஜமீலாவிடம், "காரை எடு" என்றார்.

மருத்துவமனைப் படுக்கையில் நெஞ்சில் குமிழ்களை ஒட்டவைத்தபோதும் பத்திரிகையைக் கீழே வைக்கவில்லை. எந்திரத்திலிருந்து கட்டம் போட்ட தாள் நீண்டுகொண்டே வந்தது. கோடு மேலே போய்க் கீழே வந்து ஒழுங்காக ஓடியது. திடீரென்று முந்திக்கொண்டு ஒரு துள்ளல், பிறகு நீண்ட மௌனம், மறுபடி ஓட்டம். இரண்டு மடிப்புக்குள் நான்கு இடத்தில் அப்படி. மருத்துவர் தாளைப் பார்த்தார், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். அன்றைக்கே கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். மாத்திரை கொடுத்தார்கள், மூட்டைக்குத் தடை போட்டார்கள். மேசையைப் பிடிப்பது அத்தோடு நின்றது. மூட்டை தூக்குவது மட்டும் மகள் ஊரில் இல்லாத நாட்களில் தொடர்ந்தது.

அதற்கு முன்னால், அந்தப் படுக்கையில், நானா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். கடைக்காரர் பார்வை. "இதுல எந்த இடத்துல யூசுப் நிக்கிறான், எந்த இடத்துல யாகூப் நிக்கிறான், காட்டு" என்று மகளைக் கேட்டார். ஒரு மாதமாகத் தூங்காத ஜமீலா சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"அதைத்தான் வாப்பா நாங்களும் தேடிக்கிட்டு இருக்கோம்."

சொல்ல வேண்டியதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டதால், இந்தக் கடைசி வரியைக் கோபாலின் கத்தரிக்கோல் எடுத்துக்கொண்டாலும் எந்த நெஞ்சுக்கும் நட்டமில்லை.